டென்ட் ஜன்னலில் அத்தா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். ஆனால் நெடும்பாசேரி விமான நிலையத்தில் என் மகள் என்னைப் பார்த்து "போ" என்று சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. சிரித்தேன். இரண்டு வருடம் இரண்டு மாதம் கழித்து வருகிறேன், பிள்ளைக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும், வண்டியில் ஏறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வண்டி இடப்பள்ளி தாண்டி, தோப்பும்படிப் பாலம் தாண்டி, மட்டாஞ்சேரி வந்தும் சேர்ந்தது. என் மனைவி சுல்ஃபத்தின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்தவள் எடுக்கவே இல்லை.

ஹைஃபா பிறந்து நாற்பது கழிந்த மூன்றாம் நாள் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியவன் நான். அங்கே சின்ன லாரி ஓட்டுகிறேன். குளிர்காலம் வந்தால் அங்குள்ள குடும்பங்கள் பாலைவனத்தில் டென்ட் அடித்துத் தங்கும். அவர்களுக்குத் தண்ணீர்க் கேனும் விறகும் கரியும் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. ஒவ்வொரு டென்டிலும் ஒரு தகப்பன் மணலில் மல்லாந்து கிடப்பான். அவன் வயிற்றில் ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளை ஏறி மிதித்துக்கொண்டிருக்கும். நான் விறகை இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்புவேன். வயிறு எரியும், பொய் சொல்லக் கூடாது.

அந்த வயிற்றெரிச்சலில் வாங்கியதுதான் என் டென்ட். நாலு பேர் படுக்கலாம். ஒரு பக்கம் ஜிப் வைத்த வாசல். எதிர்ப்பக்கம் வலை போட்ட ஒரு சதுர ஜன்னல், சாயா கொண்டுவரும் தட்டு அளவுக்கு. லீவுக்கு வரும்போது பெட்டியில் பாதி இடம் அதற்கே போயிற்று. "எல்லாரும் பால்பொடியும் கம்பிளியும் கொண்டு வருவாங்க, எங்க மச்சான் வீட்டையே மடிச்சுக் கொண்டு வந்திருக்காரு" என்று சுள்ளிக்கலில் இருக்கும் என் மைத்துனன் யூசுப் கேலி செய்தான். பஜாரில் ஓர் அரிசி குடோனுக்கு மேல் மாடியில் எங்கள் வாடகை வீடு. அந்த மாடிப்படியில் டென்டைத் தூக்கி ஏறியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை யூசுபுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது.

எனக்கும் சுல்ஃபத்துக்கும் நடுவில் ஒரு கூத்து உண்டு. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் தமிழ்தான் பேச்சு. ஆனால் அவள் மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள், தமிழ் எழுத்தில் தன் பெயரைக் கூட வாசிக்க மாட்டாள். நான் உத்தமபாளையத்தில் மாமா வீட்டில் இருந்து பத்தாவது படித்தவன். மலையாள எழுத்தில் பஸ் போர்டைத் தாண்டி எனக்கு ஓடாது. கல்யாணம் முடிந்த நாள் முதல் நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதியதில்லை. அரிசி தீர்ந்தது, பிள்ளைக்குப் பல் முளைத்தது, எனக்குத் தூக்கம் வரவில்லை, எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். சுல்ஃபத் அதில் ஒன்றைக் கூட அழிக்காமல் வைத்திருந்தாள்.

இது போக தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வீடியோ கால். எனக்கு அங்கே ஐந்து மணி இடைவேளை. "சோறு தின்னாச்சா தங்கம்? அத்தாக்குப் பல்லக் காட்டு" என்பேன். ஹைஃபா பல்லைக் காட்டுவாள். செருப்பைக் காட்டுவாள், பொம்மையைக் காட்டுவாள், போன வாரம் கடித்த கொசுவின் தடத்தைக் காட்டுவாள். கடைசியில் ஃபோனை நக்கி நக்கி முத்தம் கொடுப்பாள், திரை முழுக்க எச்சிலாகி எனக்கு ஒன்றும் தெரியாது.

வந்த அன்று சாயங்காலம் ஆறரைக்கு அவள் சுல்ஃபத்தின் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தாள். "அத்தா விளி" என்றாள், அப்பாவைக் கூப்பிடு என்று. நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"நான்தான்டீ அத்தா. இங்க பாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள். "போ" என்றாள்.

சுல்ஃபத் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, அடுக்களயில போய் நின்னு ஃபோன்ல ஒரு விளி விளிச்சா எந்தா இப்போ? சத்தம் கேக்கட்டு. பின்னே மெல்ல மெல்ல உங்ககிட்ட வந்துக்கும்."

"பெத்த பிள்ளயப் பாக்க நான் அடுக்களயில ஒளியணுமா? லீவு முடியுற வரைக்கும் இந்த வீட்டுல வீடியோ கால் கிடையாது. நான் முழுசா இங்க இருக்கேன். இருக்கிறவனப் பாக்கட்டு."

முப்பது நாள் லீவு. திரும்பிப் போனால் மறுபடி இரண்டு வருடம். அதற்குள் என் மகள் என்னை, இந்த உடம்போடு எதிரே நிற்கும் என்னை, ஒரே ஒரு தடவை அத்தா என்று கூப்பிட வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை. பத்து நாள் போயிற்று. மிட்டாய்க்கு வந்தாள், வாங்கிக்கொண்டு ஓடினாள். பதினைந்து நாள் போயிற்று. என்னை ஒரு விருந்தாளி அளவுக்குச் சகித்துக்கொண்டாள். தூக்கினால் மட்டும் உடம்பு விறைத்துக்கொள்ளும்.

பதினாறாம் நாள் மொட்டை மாடியில் டென்டை அடித்துப் பார்த்தேன். லீவு முடிவதற்குள் டென்டோடு ஒரு நாள் மலைக்குப் போவதாகப் பேசியிருந்தோம், அதற்கு முன் இங்கேயே பழகட்டும் என்று சுல்ஃபத் சொன்ன யோசனை அது. ஹைஃபாவுக்கு டென்ட் பிடித்துவிட்டது. பொம்மைகளைக் கொண்டுபோய் அடுக்கினாள், பாய் விரிக்கச் சொன்னாள், படகுத்துறைப் பக்கமிருந்து ஹாரன் கேட்டால் ஜன்னல் வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். நான் குனிந்து உள்ளே போனதும் எழுந்து வெளியே வந்துவிட்டாள். நான் வெளியே வந்ததும் உள்ளே போனாள். நான் திரும்ப உள்ளே போனேன். அவள் திரும்ப வெளியே வந்தாள். துணி காயப்போட வந்த சுல்ஃபத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மீன் வாங்கிக்கொண்டு படியேறி வருகிறேன், அடுக்களையில் என் குரல் கேட்கிறது. "சோறு தின்னாச்சா தங்கம்? அத்தாக்குப் பல்லக் காட்டு." எட்டிப் பார்த்தேன். ஹைஃபா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஃபோனுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். சுல்ஃபத் அந்த வாய் திறக்கும் நேரம் பார்த்து சோற்றுருண்டையைத் திணித்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்து வாய்ஸ் மெசேஜில் என் குரல். என்னைக் கண்டதும் பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இதுதான் நடக்குதா தினமும்?" என்றேன்.

"பின்னே? நீங்க வந்ததுல இருந்து அவ நேரா சோறு தின்னல. ஆறரைக்கு விளிக்கவும் விட மாட்டேங்கிறீங்க."

மீன் பையைக் கீழே போட்டேன். ஃபோனைப் பிடுங்கினேன். எங்கள் பேச்சு மொத்தத்தையும், ஆயிரத்துக்கு மேல் இருக்கும், இரண்டே அழுத்தில் அழித்தேன். என்னுடைய பழைய ஃபோன் லீவுக்குக் கிளம்பும் வாரம்தான் லாரிச் சக்கரத்தில் நசுங்கிப் போயிருந்தது. என்னிடமும் எதுவும் மிச்சமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். இந்தக் குரல்காரன் தொலைந்தால் பிள்ளை என்னிடம் வருவாள் என்று என் மரமண்டைக்குத் தோன்றிற்று.

சுல்ஃபத் கத்தவில்லை. ஃபோனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அதுல ஹைஃபாக்கு உள்ளது மட்டுமா இருந்துச்சு? எனக்கு உள்ளதும் அதுலதான் இருந்துச்சு" என்றாள். கீழே கிடந்த மீனை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். அதற்கப்புறம் கேட்டதற்கு மட்டும் பதில். நான் பேச்சுத் துணைக்கு பஜாரில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் துபாயிலும் தம்மாமிலும் இருந்தார்கள். குடோன் வாசலில் லாரிக்காரர்களோடு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மனுஷனுக்குப் புத்தி வர வேண்டிய நேரம் அது. எனக்கு வரவில்லை. இருபத்திரண்டாம் நாளுக்கு மலையில் ஓர் இடம் பிடித்தேன். வாகமண்ணைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், சொந்த டென்ட் கொண்டுவந்து அடித்துக்கொள்ளும் ஒரு புல்வெளி. போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, அங்கே ரேஞ்ச் கிடைக்குமா என்பது. "ஒரு கோடு கூட வராது சார்" என்று அந்தப் பக்கம் இருந்தவர் வருத்தத்தோடு சொன்னார். உடனே உறுதி செய்தேன். சுல்ஃபத்திடம் இதைச் சொல்லவில்லை.

யூசுபின் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஷார்ஜாவில் இடதுபக்கம் உட்கார்ந்து வலதுகையால் கியர் போட்டே பழகியவன். இங்கே கியர் போடும்போதெல்லாம் வலதுகை போய்க் கதவில் இடித்தது. ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஹைஃபா "டும்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் வேண்டுமென்றே நாலு தடவை இடித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் கதவைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே போய்ச் சேரும்போது மூன்றரை மணி. புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் செல்லதுரை எஸ்டேட்டுத் தமிழர். ஐம்பது வயதிருக்கும், தலையில் மஃப்ளர். அன்று வேறு யாரும் தங்க வரவில்லை. நான் ஒற்றை ஆளாக ஆணி அடித்துக் கயிறு கட்டி டென்டை நிறுத்தினேன். பக்கத்தில் போனால் பிள்ளை சிணுங்குவாள் என்று சுல்ஃபத் அவளைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் நின்றாள். வேலை முடிந்ததும் நான் புல்லில் மல்லாந்து படுத்தேன், அந்த ஷார்ஜாக்காரன் மாதிரி. வயிற்றைக் காட்டிக்கொண்டு கால் மணி நேரம் படுத்திருந்தேன். ஹைஃபா என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து டென்டுக்குள் போனாள்.

சுல்ஃபத் அப்போதுதான் ஃபோனைப் பார்த்தாள். தூக்கிப் பிடித்தாள், நாலு பக்கமும் நடந்தாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"ரேஞ்ச் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிள்ளக்கி ஒரு பனி, காய்ச்சல் வந்தா ஆர விளிக்கிறது?"

"நான் இருக்கேன்ல. எதுக்கெடுத்தாலும் ஃபோன். ஒரு நாள் ஃபோன் இல்லாம இருந்தா செத்துப் போயிடுவோமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க அவள கூட்டிட்டு வரல. ஃபோனத் தோக்கடிக்க வந்திருக்கீங்க" என்றாள். அவள் போய்விட்டாள்.

மக்ரிப் தொழுதுவிட்டு டென்டுக்குள் போனேன். சுல்ஃபத் பாட்டரி விளக்கை ஏற்றி வைத்திருந்தாள். ஹைஃபா பாயில் உட்கார்ந்திருந்தாள், எதிரே தலையணைமேல் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு. மணி ஆறரை. வீட்டில் இத்தனை நாளும் அந்த நேரத்துக்குச் சுல்ஃபத் அவளை எதையாவது காட்டி ஏமாற்றியிருக்கிறாள். நான் அழிக்கும் வரை என் பழைய குரலும் கைகொடுத்திருக்கிறது. இங்கே அதுவும் இல்லை, காட்டி ஏமாற்ற வேறொன்றும் இல்லை.

"அத்தா" என்றாள் ஃபோனைப் பார்த்து. கொஞ்சம் பொறுத்து, "அத்தா, வா" என்றாள்.

சுல்ஃபத் என் போட்டோ ஒன்றை எடுத்துக் காட்டினாள். பிள்ளை அதற்குப் பல்லைக் காட்டினாள். பொம்மையைக் காட்டினாள். போட்டோ ஒன்றும் சொல்லவில்லை. "அத்தா மிண்டல" என்றாள், உதடு பிதுங்க. அப்புறம் அழுகை. சாதாரண அழுகை இல்லை. யாரையோ பறிகொடுத்த அழுகை. சோற்றைத் தட்டிவிட்டாள், சுல்ஃபத்தைத் தள்ளிவிட்டாள். நான் தூக்கப் போனேன், என் கையைக் கடித்தாள். என் பிள்ளை எனக்காக அழுகிறாள், நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கடிபட்ட கையைத் தடவிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு கேவலம் என் எதிரிக்கும் வர வேண்டாம்.

வெளியே தூறல் போட்டது. செல்லதுரை குடை பிடித்துக்கொண்டு கட்டன் சாயாவோடு வந்து வாசலில் குனிந்தார்.

"பாப்பா அந்தத் தேடு தேடுதே. அத்தா எப்பம்மா வருவாரு? ராத்திரிக்குள்ள வந்துருவாரா?" என்று சுல்ஃபத்திடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டிரைவர் தம்பி, நீங்க சாயாவக் குடிச்சிட்டு நம்ம ஷெட்டுக்கு வந்துருங்க. டிரைவருங்களுக்கு அங்க கட்டில் இருக்கு."

அவர்மேல் தப்பில்லை. வண்டி ஓட்டி வந்தேன், ஒற்றையாகக் கயிறு கட்டினேன், பிள்ளை என்னிடம் வரவில்லை. வேறு என்ன நினைப்பார்? நான் எழுந்திருக்கப் போனேன். சுல்ஃபத் என் முழங்கையைப் பிடித்தாள். மூன்று நாளைக்கப்புறம் என்னைத் தொடுகிறாள்.

"அண்ணாச்சி, இவங்கதான் அத்தா" என்றாள்.

செல்லதுரை நாக்கைக் கடித்துக்கொண்டார். ஹைஃபா அழுகையை நிறுத்தினாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அத்தா இல்ல" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. தெரிந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். செல்லதுரை பின்னாலேயே வந்து மன்னிப்புக் கேட்டார், குடையை நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் ஷெட்டுக்குப் போனபின் நான் மட்டும் புல்வெளியில் நின்றேன். சுற்றிலும் தேயிலை, மூடுபனி. ஷார்ஜாவில் ஆறு பேர் படுக்கும் எட்டுக்கெட்டு அறையில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே கூட இவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. அங்கே ஐந்து மணிக்கு எனக்கு ஒரு பிள்ளை இருந்தாள். இங்கே அதுவும் போயிற்று. அழித்தது யார்? நான்தான்.

மழை கொஞ்சம் வலுத்தது. டென்டின் பின்பக்க ஜன்னலுக்கு மேல் இருக்கும் மறைப்பை நான் இறக்கிக் கட்டவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சாரல் உள்ளே அடிக்கும். சுற்றிக்கொண்டு போய் ஜன்னலுக்கு முன் குனிந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. வலைக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக, ஹைஃபாவின் முகம் இருந்தது. கன்னம் முழுக்கக் கண்ணீரும் சோற்றுப் பருக்கையும்.

அவள் அசையவில்லை. நானும் அசையவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு வருடமாக வாயில் ஊறிப்போனது தானாக வந்தது.

"சோறு தின்னாச்சா தங்கம்?"

அவள் கண் விரிந்தது.

"அத்தாக்குப் பல்லக் காட்டு."

காட்டினாள். முன்பல் எட்டும் பளிச்சென்று தெரிந்தது. "அத்தா" என்றாள். திரும்பி, "அம்மா, அத்தா வந்தாச்சு" என்றாள்.

சுல்ஃபத் சோற்றுத் தட்டை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். ஹைஃபா ஒரு வாய் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், இன்னொரு வாய் வாங்கிக்கொண்டு பார்த்தாள். செருப்பைக் கொண்டுவந்து காட்டினாள். பொம்மையின் காலைக் காட்டினாள். "டும்" என்று சொல்லிக் கையைப் பக்கவாட்டில் இடித்துக் காட்டினாள், காரில் ஓர் ஆள் செய்ததை எனக்குச் சொன்னாள். "ஆமாவா? வலிச்சிருக்குமே" என்றேன். "வலிச்சு" என்றாள். கடைசியில் முகத்தைக் கொண்டுவந்து வலையில் முத்தம் கொடுத்தாள். நானும் வலையில் உதட்டை வைத்தேன். மழைத்தண்ணீரும் அவள் எச்சிலும் சேர்ந்து என் வாயில் பட்டது. இருபத்தைந்து நிமிடம் அப்படி நின்றேன். முதுகு முழுக்க நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது.

முடிந்தது, பழகிவிட்டாள் என்று நினைத்தேன். ஓடிச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் வந்தேன். ஜிப்பை இழுத்துக்கொண்டு, "இதோ அத்தா வந்துட்டேன்" என்று உள்ளே நுழைந்தேன்.

சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து ஹைஃபா முகத்தைச் சுளித்தாள். "போ" என்றாள். உடனே ஜன்னலுக்குத் திரும்பினாள். அங்கே இருட்டுதான் இருந்தது. "அத்தா?" என்றாள் இருட்டைப் பார்த்து. "அத்தா?"

சுல்ஃபத் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. "வெளிய போங்க" என்றாள். "போங்க, அவ தேடுறா." துண்டை எடுத்து என் தலையில் போட்டாள்.

நான் வெளியே போனேன். ஜன்னலில் முகத்தை வைத்தேன். அடுக்களையில் ஒளிய மாட்டேன் என்று சொன்னவன்தான், கொட்டுகிற மழையில், என் சொந்த டென்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, அவள் தூங்கும் வரைக்கும் கதை சொன்னேன்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பியதும் டென்டை மொட்டை மாடியில் அடித்தேன். மிச்சமிருந்த நாளெல்லாம் ஆறரைக்கு அவள் உள்ளே உட்காருவாள், நான் வெளியே ஜன்னலில் நிற்பேன். வெயிலோ மழையோ, அதுதான் எங்கள் இடம். எதிர்மாடியில் காய்ந்த வடகத்தை எடுக்க வரும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். எனக்கு ரோஷமெல்லாம் வடிந்து போயிருந்தது. ஒரு சாயங்காலம் ஜன்னலில் இருந்தபடியே சுல்ஃபத்திடம் சொன்னேன், அழித்தது தப்பு என்று. அவள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே, "தப்புதான்" என்றாள். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, "போனதும் ஒண்ணு அனுப்புங்க. அவளுக்கு இல்ல, எனக்கு" என்றாள்.

முப்பதாம் நாள் யூசுப் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். சுல்ஃபத் அழுதாள். ஹைஃபா அவள் இடுப்பில் இருந்தபடி எனக்கு "டாட்டா" காட்டினாள், விருந்தாளிக்குக் காட்டுகிற மாதிரி. தூக்கக் கையை நீட்டினேன், வரவில்லை. நெடும்பாசேரியில் உள்ளே போகும் வரிசையில் நின்றுகொண்டு சுல்ஃபத்துக்கு முதல் மெசேஜைப் பேசி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்பது அவளுக்கு மட்டும் உள்ளது.

மறுநாள் ஷார்ஜாவில் ஐந்து மணிக்கு லாரிப் படியில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டேன். சுல்ஃபத்தின் முகம் வந்தது. மாடிப்படி முகப்பில் நின்றாள், பின்னால் மொட்டை மாடியில் மழை.

"அவ ஃபோன வாங்க மாட்டேங்கிறா" என்றாள். "காட்டினா தட்டி விடுறா. 'அத்தா இதுல இல்ல, ஜன்னல்ல' அப்படீங்கிறா. டென்ட மடிக்க வந்த யூசுப கடிச்சு வச்சுட்டா. இப்போ உள்ள போயி உக்காந்து அரை மணிக்கூர் ஆச்சு. மழ வேற பெய்யுது."

இரண்டு வருடம் என்னைக் காப்பாற்றி வைத்திருந்த ஃபோனையும் நானே கெடுத்துவிட்டேன். பிறகு சொன்னேன்: "நீ வெளிய சுத்திப் போ. ஃபோன ஜன்னலுக்கு நேரா, என் முகம் நிக்கிற உயரத்துல பிடி."

அவள் குடையை விரித்தாள். படம் ஆடிற்று. ஈரத் தளம், கயிறு, டென்டின் நீலத் துணி. பிறகு வலை. வலைக்கு அந்தப் பக்கம் ஹைஃபா, மடியில் செருப்பை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி.

"சோறு தின்னாச்சா தங்கம்?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. பல்லைக் காட்டினாள். செருப்பைத் தூக்கிக் காட்டினாள். பிறகு வலைக்குப் பக்கத்தில் வந்து, சுல்ஃபத்தின் குடையில் தட்டி விழும் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தா, மழ" என்றாள். "உள்ள வா."

மலையில் மழையிலேயே உட்கார்ந்திருந்தபோது அவள் இதைச் சொன்னதில்லை. மொட்டை மாடியில் அத்தனை நாள் நின்றபோதும் சொன்னதில்லை. இங்கே லாரி யார்டில் தரை கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு ஈரம் கிடையாது. வர்றேன் தங்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். லாரிப் படியை விட்டு எழுந்தும் நின்றேன், போக வழியில்லை.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பாயில் ஓர் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.